காணாமல் போன ஒன்பது கிலோமீட்டர்

வண்டிகளைச் சோதிக்கும் மெய்யோட்ட நிர்ணய நிலையத்தில் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்ட முதல் ஆள் நம் கண்ணாடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாட்டிக்கொண்டதே தெரியாமல், உள்ளே இருந்த எல்லாருக்கும் வணக்கம் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்து வண்டியைத் தேடியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கண்ணாடி சட்டத்துக்குள் இறங்காது, குறைத்துச் சொன்னால் காற்றடிக்கும்போதெல்லாம் கடகடக்கும். அதனால் யாராவது எவ்வளவு என்று கேட்டால் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவார். இந்தப் பழக்கத்தோடு ஒரு மனிதர் அரசாங்க அலுவலகத்துக்குள் போகலாமா என்று யோசிக்க அவர் வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

வருடாந்திரச் சோதனைக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோயிருந்தார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"வண்டி மைலேஜ் என்ன குடுக்குது?"

இது கேள்வியே அல்ல, சடங்கு. "கம்பெனி சொன்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வரிசையில் இவருக்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்த ஒருவர்கூட வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னார்.

"இருபத்திநாலு சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

அதிகாரி தலையைத் தூக்கினார். அந்த வாரத்தில் அவர் பார்த்த முதல் முகம் இதுதான் என்று தோன்றியது.

"இந்த மாடலுக்கு முப்பத்திமூணு ஆச்சே?"

"கம்பெனி அப்படித்தான் சொல்றாங்க சார். நாங்க ரெண்டு பேர் போறோம், பாதி தூரம் மலை ஏத்தம். பழைய ஓனர் வேற சைலன்சர் வாங்கி மாட்டியிருக்காரு. எல்லாம் சேர்த்து இருபத்திநாலுதான் வருது."

"அப்ப மிச்சம் ஒன்பது கிலோமீட்டர் எங்க போச்சு?"

கண்ணாடிக்காரர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மணியை அடித்தார். இரண்டு பேர் வந்து, வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்த கனமான மோட்டார் சைக்கிள். பக்கத்துக்கு ஒரு பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு, பின் சீட்டில் நாற்காலி போல ஒரு முதுகுச் சாய்வு. வாங்கியது நான்கு கை மாறி. கண்ணாடி அறுக்கிறவருக்கு இப்படி ஒரு வண்டி எதற்கு என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். அந்த முதுகுச் சாய்வுக்குத்தான்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் முதல் முறை அவளுக்கு. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போகும், அது போய்ச் சேருவதற்குள் இரண்டாவது முறையே பாதி முடிந்திருக்கும். அவளுடைய தம்பியின் ஸ்கூட்டர் மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். இந்த வண்டிதான் அலுங்காமல் குலுங்காமல் ஏறும். திரும்பி வரும்போது அவள் களைத்துப்போய் சாய்வில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். வண்டிக்கு அவள் வைத்த பெயர் 'என் நாற்காலி'.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, முப்பத்திமூணுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றதுக்கென்ன? ஊரே அதத்தான சொல்லுது?"

"கேட்டாங்க, சொன்னேன்டா."

"விடுடா," என்றாள் அவள் படுக்கையிலிருந்து. "நான் சமைச்சது எப்படி இருக்குன்னு கேட்டாலும் இந்த மனுஷன் இப்படித்தான். எனக்கே இரக்கம் காட்டாதவரு, அவங்களுக்கா காட்டப்போறாரு?"

சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையிலேயே நிலையத்தின் வாசலில் நின்றார் கண்ணாடிக்காரர். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'உண்மையே எங்கள் எரிபொருள்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒலிப் பிரிவு, திறன் பிரிவு, சுமைப் பிரிவு என்று மூன்று அறைகள். காணாமல் போன கிலோமீட்டர்களை மூன்றும் சேர்ந்து தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

ஒலிப் பிரிவில் அதிகாரி காதில் பஞ்சு வைத்திருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த சைலன்சர் போடுற சத்தத்த இங்கயே போட்டுப் பாத்தோம். ஒன்பது கிலோமீட்டரும் சத்தமாப் போயிருக்கலாம்னு எங்க பிரிவுல ஒரு கருத்து இருக்கு."

"சார், பழைய சைலன்சர் கிடைச்சா மாத்திடறேன் சார். கம்பெனியில இப்ப அது செய்யறதே இல்லைன்னுட்டாங்க. எனக்கு வண்டி இன்னிக்கே வேணும். நாளைக்குக் காலையில என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆமா, சத்தம் உடம்புக்குக் கெடுதல்தான்," என்றார் அதிகாரி அனுதாபத்தோடு, பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டே.

திறன் பிரிவில் வேறு கதை. அங்கிருந்த அதிகாரி சைலன்சர் விற்கும் கடைக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கும் வண்ணத்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். இந்த சைலன்சரை மாட்டினால் வண்டியின் சக்தி பத்தில் ஒரு பங்கு கூடும் என்று அதில் போட்டிருந்தது.

"பாருங்க, சக்தி கூடியிருக்கு. மைலேஜ் குறைஞ்சிருக்கு. அப்ப என்ன அர்த்தம்? கிலோமீட்டர எடுத்து சக்தியா மாத்தியிருக்கீங்க. யார்கிட்டயும் கேக்காம. இது ஒருவகையில கையாடல்."

"சார், சக்தியெல்லாம் ஒண்ணும் கூடல. மெக்கானிக்கே சொன்னாரு. சத்தம் கேட்டா வேகமாப் போற மாதிரி இருக்கும், அதுல கை தானா முறுக்கும், பெட்ரோல் போகும், அவ்வளவுதான்னாரு. நான் முறுக்கறதுகூட இல்ல. பின்னாடி உடம்பு முடியாதவ உக்காந்திருக்கா."

"சக்தி கூடலையா?" அதிகாரியின் குரல் தாழ்ந்தது. "அப்ப கிலோமீட்டரும் இல்ல, சக்தியும் இல்ல. ரெண்டையும் சேத்துத் தொலைச்சிருக்கீங்க. இப்பதான் விஷயமே பெருசாகுது."

மறுநாள் ஒரு வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடி அறுத்த காசு அதற்கு ஒரு தடவைதான் தாங்கியது. அடுத்த முறைக்குப் பால் வண்டிக்காரர் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் கேன் இறக்கிக்கொண்டே போனதில் படுக்கை கைவிட்டுப் போயிற்று. சாயங்காலம் வரை நடைபாதை பெஞ்சில் உட்கார்த்தி வைத்து, கடைசியில் யாரோ வராமல் போன இடத்தில் பாதி நேரம் மட்டும் மெஷினைப் போட்டார்கள். அதற்கடுத்த முறை வண்டி எதுவுமே கிடைக்கவில்லை. நர்ஸ் போனில் சொன்னாள்.

"அண்ணா, இப்படி விட்டு விட்டு வந்தா பேரையே எடுத்திடுவாங்க. வெளிய எத்தனை பேர் காத்திட்டிருக்காங்க தெரியுமா? அதுகூடப் பரவாயில்ல, அக்கா உடம்பு தாங்காது. எப்படியாவது கூட்டிட்டு வந்திடுங்க."

கண்ணாடிக்காரர் அன்றைக்கு இரண்டு கண்ணாடியைத் தப்பாக அறுத்தார். இதற்கு முன் அவர் கை தப்பியது தொழிலுக்கு வந்த புதிதில்தான். உடைந்ததைக் கூட்டி அள்ளும்போது ஒரு முடிவுக்கு வந்தார். நேராக நிலையத்துக்குப் போய், முதல் நாள் கேள்வி கேட்ட அதிகாரியின் கவுன்டரில் நின்றார்.

"சார், வண்டி முப்பத்திமூணுதான் குடுக்குது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. அதிகாரி அவரை வருத்தத்தோடு பார்த்தார்.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா? உண்மையே எங்கள் எரிபொருள்னு எவ்வளவு பெருசா எழுதிப் போட்டிருக்கோம். அதுக்குக் கீழ நுழைஞ்சு வந்து பொய் சொல்றீங்களே?"

"அன்னிக்கு உண்மையச் சொன்னேன் சார். வண்டியப் பிடிச்சு வச்சுட்டீங்க."

"அது வேற உண்மை," என்றார் அதிகாரி. சுமைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

சுமைப் பிரிவு அதிகாரி மூவரிலும் நல்லவர். உட்காரச் சொல்லி நாற்காலி கொடுத்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், பொறுமையாக விளக்கினார்.

"ஒரு வழியா கண்டுபிடிச்சாச்சு. பின் சீட்டுச் சுமைதான் காரணம். பின்னாடி உக்கார்றவங்க எடை எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும். உங்க மனைவி எடைய ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கினோம். ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் இறங்குது. இப்ப ஒரு வாரமா ஏறிக்கிட்டே போகுது. இப்படி இருந்தா எந்த வண்டிதான் ஒழுங்கா மைலேஜ் குடுக்கும்?"

"அது உடம்புல சேர்ற தண்ணி சார். டயாலிசிஸ் பண்ணினாதான் இறங்கும். நீங்க வண்டியக் குடுத்தா ஆஸ்பத்திரிக்குப் போவோம். போனா எடை குறைஞ்சிடும்."

"அதத்தான் நானும் சொல்றேன். எடை ஒழுங்கா நிக்கட்டும், வண்டிய உடனே குடுத்திடறோம்."

பேச்சு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று இருவரில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அதிகாரியின் காலில் விழுந்தார்.

அதிகாரி பதறிப்போனார். உண்மையாகவே பதறினார். "ஐயோ, எழுந்திருங்க, எழுந்திருங்க. உங்களுக்காக ஒண்ணு பண்றேன். உங்க மனைவிய நேர்ல கூட்டிட்டு வாங்க. நிலையான சுமை இல்லாதவங்களுக்கு நேரடிச் சோதனைன்னு ஒரு வழி இருக்கு. அவங்களையே உக்கார வச்சு ஓட்டிப் பாத்திடலாம். விடிஞ்சதும் வந்திடுங்க. சோதனை முடிஞ்சா அப்படியே வண்டிய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணாடிக்காரர் அழுதார். சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் மச்சினன் எங்கிருந்தோ ஒரு வேனைப் பிடித்து வந்து அக்காவை நிலையத்து வாசலில் இறக்கிவிட்டான். வேனை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், கிளம்பிப் போய்விட்டான். அவள் முகம் உப்பியிருந்தது. கணுக்கால் வீங்கிச் செருப்பு போட முடியவில்லை, செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு நாற்காலி கிடைச்சிடுமா?"

"கிடைச்சிடும்மா. இதோ, ஒரு தடவ ஓட்டிக் காட்டினாப் போதும். அப்படியே போயிடலாம். நேரம் இருக்கு."

அவர்களைக் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு நீளமான அறை. நடுவில் தரையோடு தரையாக இரும்பு உருளைகள். உருளையின் மேல் பின் சக்கரம் நிற்க, நான்கு பக்கமும் பட்டைவார் போட்டு இழுத்துக் கட்டிய நிலையில் அவர்களுடைய வண்டி. எதிரே ஓர் ஆள் உயர மின்விசிறி, அதைப் போட்டு நிறுத்தப் பக்கத்தில் ஒருவர். சுவர் முழுக்க ஓவியம்: வளைந்து போகும் தார்ச்சாலை, இரு புறமும் மரங்கள், தூரத்தில் நீல மலை. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். சும்மா நின்றுகொண்டிருந்தவர்கள்கூட.

நிலையத்தின் இயக்குநரே வந்திருந்தார். நேரடிச் சோதனை அபூர்வம் என்பதால் ஒரு சின்ன உரையும் நிகழ்த்தினார்.

"நிறைய பேர் எங்கள ஒரு கேள்வி கேக்கறாங்க. ஏன் சார் ரோட்டுல ஓட்டிப் பாக்கறதில்லன்னு. ரோட்ட எப்படிங்க நம்பறது? ரோட்டுல காத்தடிக்குது. மேடு வருது. மழை பெய்யுது. லாரி குறுக்க வருது. ஆளுங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போகுது. இத்தனைக்கும் நடுவுல உண்மை எப்படி இருக்கும்? உண்மைக்கு ஒரு அறை வேணும். கதவு சாத்தியிருக்கணும். கம்பெனிக்காரங்க பெரிய மனசு பண்ணி இந்த மெஷின எங்களுக்கு வாங்கிக் குடுத்தாங்க. இது வந்ததுலேர்ந்து இதுல ஏறின ஒரு வண்டிகூட கம்பெனி சொன்ன மைலேஜுக்குக் குறைஞ்சதில்ல. அவ்வளவு துல்லியம்."

கைதட்டினார்கள். மின்விசிறிக்காரர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

"வழக்கமா நீங்க போற வழி எது?" என்று கேட்டார் இயக்குநர்.

"வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி சார். மலைக்கு அந்தப் பக்கம்."

"அதையே போட்டுடுப்பா," என்றார் இயக்குநர். மெஷின் ஓட்டுநர் ஒரு திரையில் தூரத்தைத் தட்டினார்.

கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்தார். அவளை இரண்டு பேர் தாங்கித் தூக்கி உட்கார வைத்தார்கள். முதுகு சாய்வில் பட்டதும் அவளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தன் இடத்துக்கு வந்துவிட்ட மூச்சு அது. எஞ்சினைக் கிளப்பினார். மூடிய அறையில் அந்த சைலன்சர் போட்ட சத்தத்துக்குச் சுவரில் இருந்த மலையே அதிர்ந்தது. பின் சக்கரம் சுழன்றது, உருளை சுழன்றது, மின்விசிறி ஊதியது. அவள் முந்தானை பறந்தது. அவர் பழக்கதோஷத்தில் வளைவுகளுக்குக் கியர் குறைத்தார். ஓவியத்துச் சாலை இருந்த இடத்திலேயே இருந்தது.

பாதியில் அவள் நெற்றியை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். நெற்றி சில்லென்று ஈரமாக இருந்தது, சட்டை வழியாகத் தெரிந்தது.

"சார், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடுங்க சார்," என்று கத்தினார்.

"பாதி வழியில நிறுத்த முடியாதுங்க," என்று இயக்குநரும் கத்தினார். "இப்ப மலை மேல இருக்கீங்க!"

திரையில் தூரம் முடிந்தது. எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். மெஷின் ஓட்டுநர் எழுந்து நின்று அறிவித்தார். "முப்பத்திமூணு!"

மறுபடி கைதட்டல். ஒலிப் பிரிவு அதிகாரி பஞ்சை எடுத்துவிட்டு வந்து கை குலுக்கினார். காணாமல் போன கிலோமீட்டர் ஒன்பதும் பத்திரமாகத் திரும்பிவிட்டது. சான்றிதழை இயக்குநரே தன் கையால் கொடுத்தார்.

"அப்ப வாரை அவுத்துவிடுங்க சார், கிளம்பறோம்," என்றார் கண்ணாடிக்காரர். "இப்ப விட்டாக்கூட நேரத்துக்குப் போயிடலாம்."

"எங்க கிளம்பறீங்க?" இயக்குநருக்குப் புரியவில்லை. "வண்டி இந்த அறைல முப்பத்திமூணு குடுக்குது. ரோட்டுக்குப் போனா இருபத்திநாலுன்னு நீங்களே சொல்றீங்க. தெரிஞ்சே எப்படி வெளிய விட முடியும்? சான்றிதழ்ல தெளிவாப் போட்டிருக்கோமே. இந்த அறைக்குள்ள நீங்க எப்ப வேணும்னாலும், எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓட்டலாம். ஆயுசு முழுக்க."

கண்ணாடிக்காரர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் பேசுவதற்குள் இயக்குநர் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? படுக்கை தயாரா இருக்கு. அக்காவுக்காகத்தான் பிடிச்சு வச்சிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் முடியும்," என்று நர்ஸ் பேசியது பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் இயக்குநர். "வந்து சேந்துட்டாங்க."

"யாரு பேசறது? இங்க யாரும் வரலையே?"

"வந்துட்டாங்கம்மா. இப்பதான், எங்க கண்ணு முன்னாடி. முழு தூரமும் பதிவாயிருக்கு. அங்க நல்லாப் பாருங்க."

போனை அணைத்து, கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

கண்ணாடிக்காரர் பட்டைவாரைப் பிடித்து இழுத்தார். பற்களால் கடித்தார். அது கம்பெனிக்காரர்கள் வாங்கிக் கொடுத்த வார், அசையவில்லை. பின் சீட்டில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். அவள் குரல் எங்கோ ரொம்ப தூரத்திலிருந்து வந்தது.

"வந்துட்டோமாங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். நீல மலை அங்கேயே நின்றது. மறுபடி ஏறி உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் இரண்டாவது முறையாகப் பொய் சொன்னார். இந்த முறை காது சிவக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா. மலை இறங்கிட்டோம். கெட்டியாப் பிடிச்சுக்கோ."

எஞ்சினைக் கிளப்பி முழுசாக முறுக்கினார். அறையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி ஒதுங்கினார்கள். இயக்குநர் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் இளகிய மனசுக்காரர். மின்விசிறிக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாவம், ரொம்ப தூரம் போறவங்க. காத்தக் கொஞ்சம் கூட்டி வைப்பா."